வெஸ்லிக்கு எதுவுமே புரியவில்லை

வெஸ்லி இரண்டு நாள் உட்கார்ந்து தயார் செய்து வைத்திருந்த சந்தேகத்தை, வரிசையில் அவனுக்கு முன்னால் போனவள் கேட்டுத் தொலைத்துவிட்டாள். திறந்திருந்த கதவு வழியாக அது வார்த்தை பிசகாமல் அவன் காதில் விழுந்தது.

புதன்கிழமைகளில் மூன்று மணி முதல் நாலு மணி வரை பேராசிரியர் பிக்கெட் அம்மாளிடம் சந்தேகம் கேட்கலாம். வேதியியல் துறையின் வராண்டாவில் பதினேழு பேர் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே சுவர் முழுக்கப் பரிசு வாங்கியவர்களின் படங்கள். அண்ணாந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. பதினேழு பேரில் ஒருவருக்கும் சந்தேகமும் கிடையாது.

எல்லோரும் டாக்டருக்குப் படிக்கக் கிளம்பியவர்கள். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட, 'இந்த மாணவனை எனக்கு நன்றாகத் தெரியும்' என்று ஒரு பேராசிரியர் கடிதம் கொடுத்தாக வேண்டும். கரிம வேதியியல் வகுப்பிலோ நானூற்றுப் பன்னிரண்டு பேர். வெஸ்லி உட்காரும் இடத்திலிருந்து பிக்கெட் அம்மாளின் கொண்டை மட்டும்தான் தெரியும். அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வெஸ்லி இருப்பதே தெரியாது.

மற்றதெல்லாம் அவனிடம் இருந்தது. முதல் தேர்வில் தொண்ணூற்றெட்டு. போன வருஷம் பொது வேதியியலில் துறையின் பரிசு. ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி தள்ளிய கணக்கு இருநூறு மணி நேரம். ஆறு வயதில் பக்கத்து வீட்டு நாயின் காலுக்குக் கட்டுப் போட்ட நாளிலிருந்து அவன் டாக்டர்தான் என்று முடிவாகியிருந்தது. அந்த ஒரு கடிதம்தான் பாக்கி.

"அடுத்தது யாருப்பா? வா. என்ன சந்தேகம்?"

வெஸ்லி உள்ளே போய் வாயைத் திறந்தான். கேள்விதான் பறிபோய்விட்டதே!

"மேடம்... எனக்கு... எதுவுமே புரியல."

பிக்கெட் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எதுவுமேவா?"

"ஆரம்பத்துலேர்ந்தே மேடம்."

அதற்கு முன் யாருக்கும் கிடைக்காத மரியாதை அவனுக்குக் கிடைத்தது. நாற்காலியில் கிடந்த காகிதக் கட்டைத் தரையில் தள்ளிவிட்டு, "உக்காரு, உக்காரு" என்றார். பெயரைக் கேட்டார். ஒரு நோட்டைத் திறந்து தேதி போட்டு, 'வெஸ்லி ஹால்வர்சன்' என்று எழுதிக்கொண்டார். நாற்பது நிமிஷம் பாடம் நடந்தது. வெளியே இருந்த பதினாறு பேரும் பல்லைக் கடித்தார்கள்.

"என் பேரை எழுதிக்கிட்டாங்கடா!" என்று அறைக்கு வந்து குதித்தான்.

அறைத்தோழன் டெஸ்மண்ட் பீட்சாவிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "மக்குன்னு பேர் வாங்கிட்டு வந்து குதிக்கறது ஊர்லயே நீ ஒருத்தன்தான்டா."

அடுத்த புதனும் வெஸ்லிக்குப் புரியவில்லை. அதற்கடுத்த புதனும் புரியவில்லை. புரிந்துவிட்டால் நாற்காலி போய்விடுமே. ஐந்தாவது புதன்கிழமை பிக்கெட் அம்மாள் அன்போடு குண்டைப் போட்டார்.

"ரெண்டாவது தேர்வுல உன் பேப்பரை நானே திருத்தறேன். எங்க தடுக்குதுன்னு பார்த்துடலாம்."

முதல் தேர்வைத் திருத்தியது உதவியாளர்கள், அதனால் வெஸ்லி தப்பியிருந்தான். இதில் நன்றாக எழுதினால் குட்டு உடைந்துவிடும். நல்லவேளை, நான்கு தேர்வுகளில் குறைந்த மார்க் வந்த ஒன்றைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். இந்த இரண்டாவதைப் பலி கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தான். ஆனால் தெரிந்த விடையைத் தப்பாக எழுதுவது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை. எழுபதுக்குக் குறிவைத்தான். நாற்பத்து மூன்று வந்தது.

பிக்கெட் அம்மாள் திட்டவில்லை. முகத்தில் ஒரு களை கூட வந்தது. "கவலப்படாத. செவ்வாய்க்கிழம தோறும் லைப்ரரில ஒரு படிப்பு வட்டம் வெச்சிருக்கேன். வீட்டுப்பாடத்துல நூத்துக்கு நூறு வாங்கற பையன் ஒருத்தன் நடத்தறான். அவன்கிட்ட போய் உக்காரு."

செவ்வாய்க்கிழமை லைப்ரரிக்குப் போனால், பலகை முன்னால் டெஸ்மண்ட் நின்றிருந்தான். வாரா வாரம் வெஸ்லியின் வீட்டுப்பாடத்தை அப்படியே பார்த்து எழுதியே அவன் அந்த நூறை எட்டியிருந்தான்.

"வாங்க தம்பி, வெட்கப்படாதீங்க. இங்க எல்லாரும் உங்கள மாதிரிதான்" என்றான் டெஸ்மண்ட், ஆறு பேர் முன்னிலையில்.

"டேய், கொன்னுடுவேன்" என்று வெஸ்லி முணுமுணுத்தான்.

"கேள்வி இருந்தா கையத் தூக்கிட்டுக் கேக்கணும்."

வெஸ்லி சகித்துக்கொண்டான். ஆனால் நாலே பிணைப்புள்ள கார்பனுக்கு டெஸ்மண்ட் ஐந்தாவது கையை வரைந்தபோது அவனால் தாங்க முடியவில்லை. சாக்பீஸைப் பிடுங்கிச் சரியாகப் போட்டுக் காட்டினான். ஆறு பேரும் வாயைப் பிளந்தார்கள். அடுத்த செவ்வாய் அறுபது பேர் வந்தார்கள். டெஸ்மண்ட் வாசலில் நின்று நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை விசாரணை வந்தது. "எதுவுமே புரியலன்னு சொன்ன பையன் ஊருக்கே சொல்லித் தர்றானாமே?"

வெஸ்லிக்கு முழி பிதுங்கியது. "நீங்க... நீங்க சொன்னதத்தான் மேடம் அப்படியே திருப்பிச் சொன்னேன்."

"நான் சொன்னதால புரிஞ்சுதா?" பிக்கெட் அம்மாள் நோட்டை இழுத்துக்கொண்டார். "அதை இன்னொரு தடவ சொல்லு. மெதுவா."

சொன்னான். எழுதிக்கொண்டார்.

இனி வெஸ்லிக்கு ஒரே வழிதான்: கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொள்வது. மூன்றாவது தேர்வில் தொண்ணூற்றாறு வாங்கினான். டிசம்பரில், வெளியே முழங்கால் அளவு பனி விழுந்திருந்த அன்று, கடைசித் தேர்வின் முடிவு வந்தது: தொண்ணூற்றொன்பது. பிக்கெட் அம்மாள் ஒரு டப்பா டோனட்டோடு காத்திருந்தார்.

"மேடம், ஒரு சிபாரிசுக் கடிதம்..."

"இத நீ கேக்கணுமா? நாப்பத்து மூணுலேர்ந்து தொண்ணூத்தொம்போது! மொத வரியே, 'வந்தபோது இவனுக்கு எதுவுமே புரியவில்லை'ன்னு ஆரம்பிக்கப் போறேன்."

வெஸ்லி கடித்த டோனட்டை டப்பாவிலேயே திருப்பி வைத்துவிட்டான்.

"ஆபரேஷன் டேபிள்ல படுத்திருக்கறவன் இதத்தான் கேக்க ஆசப்படுவான்" என்றான் டெஸ்மண்ட் அன்று சாயங்காலம். "'கவலப்படாதீங்க, டாக்டருக்கு மூணு மாசத்துல புரிஞ்சுடும்.'"

வெஸ்லி சிரிக்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. கடிதம் வந்தால் மக்கு. உண்மையைச் சொன்னால் புளுகன். மக்கை விடப் புளுகனே மேல் என்று மறுநாள் காலை எட்டு மணிக்குத் துறை அலுவலகத்துக்கு ஓடினான். பிக்கெட் அம்மாள் இன்னும் வரவில்லை. வராண்டா ஓரத்து மேஜையில் துறைக் குமாஸ்தா வாண்டா மட்டும் காகிதங்களை ஸ்டேப்பிள் செய்துகொண்டிருந்தாள். இருபது வருஷமாக அந்தத் துறையின் எல்லாக் காகிதமும் அவள் கை வழியாகத்தான் போகிறது.

அடக்க மாட்டாமல் வெஸ்லி அவளிடமே கொட்டிவிட்டான். "எனக்கு மொத நாளே எல்லாம் புரிஞ்சுது வாண்டா. மூணு மாசமா மேடத்த ஏமாத்திட்டேன். நாப்பத்து மூணு கூட வேணும்னே வாங்கினதுதான்."

வாண்டா கடைசிக் காகிதத்தையும் அழுத்திவிட்டு, ஸ்டேப்ளரால் சுவரைக் காட்டினாள். "அண்ணாந்து பாரு கண்ணு."

வாரா வாரம் அவன் சாய்ந்து உட்காரும் இடத்துக்கு நேர் மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் அவன் முகமே சிரித்துக்கொண்டிருந்தது. 'பொது வேதியியல் முதல் பரிசு, வெஸ்லி ஹால்வர்சன்.'

"அப்ப... மேடத்துக்கு?"

"தினம் இந்தப் பக்கமாத்தானே ரூமுக்குப் போறாங்க."

"தெரிஞ்சும் ஏன் உக்கார வெச்சு..."

வாண்டா இழுப்பறையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து அவன் முன்னால் வைத்து, மேலே ஒரு பேனாவையும் வைத்தாள்.

"அவங்களுக்குப் பதவி உயர்வு வருது கண்ணு, 'இந்தம்மாவ எனக்கு நல்லாத் தெரியும், எதுவுமே புரியாம வந்த என்னைத் தேத்தி விட்டாங்க'ன்னு ஒரு மாணவன் எழுதித் தரணுமாம், உன்கிட்ட எப்படி வாய்விட்டுக் கேக்கறதுன்னுதான் மூணு மாசமாத் தவிச்சிட்டிருக்காங்க."