ஏகாம்பரத்தின் மீன் தொட்டிக்கு நான் கொண்டுவந்த தீர்த்தம்

என் மாவு மில்லில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. திறந்தால் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. இரண்டாம் பக்கத்திலும் பிள்ளையார் சுழி. இப்படிப் பதினோரு பக்கத்துக்குப் பதினோரு சுழி. கீழே ஒரு எழுத்து கிடையாது. ஒவ்வொரு மாசி மகத்தன்றும் இதை எழுதிவிடுவது என்று உட்காருவேன். சுழி போட்டதும் கை நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் என்பது ஒரு காரணம். வெட்கம் இன்னொன்று. எழுத உட்கார்ந்தால் அவன் முகம் வந்துவிடும் என்பதுதான் பெரிய காரணம். இது பன்னிரண்டாவது சுழி. முருகன் மேல் பாரத்தைப் போட்டு ஆரம்பிக்கிறேன்.

அவன் என்றால் ஏகாம்பரம். என் மனைவி வசந்தாவின் தம்பி. மாமல்லபுரத்தில் ஒரு பெரிய ஓட்டலில் வேலை பார்த்தான். அங்கே வாசல் கூடத்தில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல் தண்ணீர், பவளப்பாறை, கடல் மீன். அதைப் பார்த்துக்கொள்வதுதான் இவனுக்கு வேலை. (ஊரில் "ஓட்டல்ல பெரிய பொறுப்பு" என்று சொல்லி வைத்திருந்தோம். மீனுக்குத் தீனி போடுகிறான் என்று சொல்லிப் பெண் கேட்க முடியுமா?) இரண்டாயிரமாவது வருஷத்துக்குக் கொஞ்சம் பின்னால் ஓட்டலை இடித்துக் கட்டினார்கள். தொட்டி வேண்டாம் என்றார்கள். ஏகாம்பரம் கேட்டு வாங்கி, பாறையும் மீனுமாகச் செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தான்.

கூடவே அவனும் வந்துவிட்டான். அதற்குக் காரணம் வேறு. அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் ரயிலேறித் தாம்பரம் போய், ஆஸ்பத்திரி மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். வயசு இருபத்தொன்பது.

ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டர் அளந்து விட்டிருந்தார். அந்த அளவைச் சின்னச் சொம்பில் ஊற்றி மடியில் வைத்துக்கொண்டு, முந்நூறு லிட்டர் தண்ணீருக்கு எதிரில் அவன் உட்கார்ந்திருப்பான். தொட்டியில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் இரண்டு. வசந்தா அவற்றுக்கு மாப்பிள்ளை, பொண்ணு என்று பேர் வைத்திருந்தாள். பாறை மேல் உள்ளங்கை அளவுக்குப் பவளம் ஒன்று. விளக்கைப் போட்டதும் அது மெல்ல விரல் விரிக்கும். அது விரிகிற வரைக்கும் ஏகாம்பரம் சொம்பை வாயில் வைக்கமாட்டான்.

ஒரு வருஷம் தை பிறந்ததும் அவனுக்குக் காய்ச்சல் வந்து, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்கள். வசந்தா துணைக்குப் போனாள். கிளம்புகிற அன்றைக்கு என்னைத் தொட்டிப் பக்கம் கூப்பிட்டான்.

"மாமா, ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம ரெண்டு கேன் தண்ணி எடுத்துட்டு, ரெண்டு கேன் புதுத் தண்ணி ஊத்தணும். கரைத் தண்ணி வேணாம். தேசப்பன் அண்ணன் படகுல வெளியப் போய் மொண்டுகினு வருவாரு. மறக்காத."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏண்டா ஏகா, கடலுக்கு யாருடா தண்ணி மாத்தறாங்க?" என்றேன்.

"கடலு பெருசு மாமா. மழ கீது, அல கீது. இது நாலடிக் கண்ணாடி. துன்றதும் இதுலதான், கழியறதும் இதுலதான். கண்ணுக்குத் தெரியாம சேந்துகினே இருக்கும்."

"ஓட்டல்ல தங்குன வெள்ளைக்காரன் ஒருத்தன் ரெண்டு வருஷமா மாத்தவே இல்லன்னு சொன்னதா நீதானே சொன்ன?"

"அவன் ஊர்ல அதுக்குன்னு மெஷின் வெச்சிருக்கான். தெனம் தண்ணிய எடுத்துச் சோதிக்கறான். நீ இன்னா பண்ணுவ? குனிஞ்சு பாத்துட்டு 'பளிச்சுனு கீதுடா'ம்ப." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் வர்ற வரைக்கும் அது விரியணும் மாமா. அவ்ளோதான்."

முதல் ஞாயிறு போனேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், டிவிஎஸ் ஐம்பதில். மீன்பிடிப் படகு வைத்திருக்கிற தேசப்பன் இரண்டு கேனையும் நிரப்பித் தந்தார். திரும்பும்போது ஒரு கேன் மூடி கழன்று, பாதித் தண்ணீர் என் வேட்டியிலும் மீதி வண்டிச் செயினிலும் இறங்கியது. வீடு வந்தபோது வேட்டி காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. மிஞ்சிய ஒரு கேனைத் தொட்டியில் ஊற்றினேன். இரண்டு நாளில் செயின் துருவேறியது. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

இரண்டாவது ஞாயிறு இடுப்பு வலி. மூன்றாவது ஞாயிறு மில்லில் கூட்டம். நாலாவது ஞாயிறு, உண்மையைச் சொன்னால், காரணம் ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தேன். தண்ணீர் பளிச்சென்று இருந்தது. (அவன் சொன்ன அதே வார்த்தை. அப்போது எனக்கு உறைக்கவில்லை.)

ஞாயிறு ஒன்பது மணிக்கு வசந்தா எஸ்டிடி பூத்திலிருந்து மில்லுக்குப் பேசுவாள். அவன் நடக்கிற நிலையில் இருந்தால் அவனும் வந்து ரிசீவரை வாங்குவான். "தண்ணி மாத்தினியா மாமா?" அது ஒன்றுதான் கேட்பான். நான், "இப்பத்தாண்டா, கை ஈரம்கூடக் காயல" என்பேன். என் கையில் இருந்தது கேழ்வரகு மாவு. தினம் கந்த சஷ்டி கவசம் சொல்கிற வாயால்தான் இதையும் சொன்னேன். இப்படியே ஏழு வாரம்.

மாற்றாமல் விட்ட அந்த ஏழாவது வாரம் பவளம் பாதிதான் விரிந்தது. மீன்கள் மூலையிலேயே நின்றன. அன்றைக்குத்தான் வசந்தா, "வியாழக்கிழம வூட்டுக்கு அனுப்பறாங்க" என்று போனில் அழுதுகொண்டே சிரித்தாள். காலண்டரைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மாசி மகம்.

முருகன் வழி காட்டிவிட்டான் என்று நினைத்தேன். மாசி மகத்தன்று சாமியே கடலுக்கு வந்து தீர்த்தவாரி ஆடுகிறார். அந்தத் தண்ணீரைவிடச் சுத்தமான தண்ணீர் உலகத்தில் உண்டா? ஏழு வாரக் கடனை ஒரே நாளில் தீர்த்து, தொட்டியைப் புண்ணிய தீர்த்தமாகவே ஆக்கிவிடலாம். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அவனுக்கும் உடம்பு தேறும். என் அறிவு அன்றைக்கு அவ்வளவு வேகமாக ஓடியது.

ஆறு கேனோடு ஆட்டோ பேசிக்கொண்டு போனேன். கரை முழுக்க ஜனம். சாமி இறங்கி ஆடி முடிந்திருந்தது. பாலும் மஞ்சளும் குங்குமமும் பூவுமாக அலை கரையில் நுரைத்துக்கொண்டிருந்தது. நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கோவிந்தா சொல்லிக்கொண்டு மொண்டேன். தேசப்பன் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"அண்ணாத்த, இன்னா பண்ற? மீனுக்கா? இன்னிக்கு வேணாம். தண்ணி பூரா மஞ்சளும் பாலுமா கீது பாரு!"

"அதாம்ப்பா வேணும்!" என்றேன்.

"நாளன்னிக்கு வா, வெளித் தண்ணி தரேன்."

"தேசப்பா, உனக்கு மீன் பிடிக்கத்தான் தெரியும். இது பக்தி விஷயம்." (இதை அவர் இன்றுவரை எனக்குச் சொல்லிக் காட்டுகிறார்.)

சாயங்காலம் குளித்து, விபூதி பூசி, தொட்டியில் ஆறு கேன் பழைய தண்ணீரை இறைத்துவிட்டு ஆறு கேன் தீர்த்தத்தை ஊற்றினேன். தொட்டி சந்தனக் கரைசல் மாதிரி ஆனது. கற்பூரம் ஏற்றி மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் காட்டினேன். இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நாமம் சொல்கின்றன என்று எனக்குக் கண் கலங்கியது. மூச்சு முட்டுகிறது என்று புரியவில்லை.

விடிந்து பார்த்தால் தண்ணீர் மேல் நுரை படிந்து, புளித்த மோர் வாடை. பவளம் பாறையிலிருந்து கரைந்து தொங்கியது. மாப்பிள்ளை மிதந்தான். பொண்ணு மத்தியானம் வரைக்கும் இருந்தாள். தேசப்பன் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "ஒண்ணும் பண்ண முடியாது அண்ணாத்த" என்று மட்டும் சொன்னார், திட்டவில்லை. தொட்டித் தண்ணீரை இறைத்துக் கொட்டி, இரண்டையும் செம்பருத்திச் செடியடியில் புதைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பதைத் தொடப் போகிற ஆள்.

வியாழக்கிழமை அவர்கள் வந்தார்கள். நான் என் கல்யாணப் பட்டு வேட்டியைத் தொட்டி மேல் போர்த்தி, மேலே முருகன் படம் வைத்து மாலையும் போட்டிருந்தேன். ஏகாம்பரம் பாதியாக இளைத்திருந்தான். நேராகத் தொட்டிக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இது இன்னாத்துக்கு மாமா, மீனுக்குக் குளிருதா?"

"பூஜைடா... நீ வந்ததுக்கு..."

எட்டி வேட்டியை இழுத்தான். வெறும் கண்ணாடி, வெறும் பாறை. வசந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேழ்வரகு மாவு முதல் கற்பூரம் வரை. அவன் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தினி வாரம் மாத்தல?"

"ஏழு."

முழங்கைக்குக் கீழே ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்த நரம்பை மெதுவாகத் தடவினான். "நான் ஏழு வாரம் தாம்பரம் போகாம, கடைசில ஒரே நாள் கோயிலுக்குப் போய்ட்டு வந்தா சரியாப் போய்டுமா மாமா?"

எங்கள் சண்டை முழுவதும் அந்த ஒரு கேள்வியில் முடிந்துவிட்டது. தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது அவசியமா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் அந்த நரம்புதான் நினைவுக்கு வரும். கண்ணுக்குத் தெரியாமல் சேர்வதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். அதைச் சாமி தலையில் கட்டக் கூடாது. சாமி என்ன செய்வார், கடலுக்குக் குளிக்க வந்தவர்.

கொஞ்ச நேரம் கழித்து ஏகாம்பரமே சிரித்தான். "போனாப் போவுது. எனக்கு மட்டும் தீர்த்தம் குடுத்துடாத மாமா" என்றான். அவன் சிரித்ததில் நான் இன்னும் அழுதேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தான். ஒரு தடவைகூட அவன் தாம்பரம் போகாமல் நான் விடவில்லை. மில்லை மூடிவிட்டுக் கூடவே போனேன். தேசப்பன் வேறு இரண்டு மீன் கொண்டுவந்து தந்தார். ஞாயிறு தவறாமல் இரண்டு கேன் வெளித் தண்ணீர் வந்தது. பவளம் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. அவன் பாறையைப் பார்த்துக்கொண்டு சொம்போடு உட்கார்ந்திருப்பான். எது விரிய அவன் காத்திருந்தானோ, கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

கடைசியில் ஒரு மத்தியானம், இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டிலேயே படுத்திருந்தான். வசந்தா பூஜை அறையிலிருந்து கங்கைச் சொம்பை எடுத்துவந்து, தாய்மாமன் முறையில் யாரும் இல்லாததால் என்னிடம் கொடுத்தாள். நான் துளசி போட்டு ஒரு உத்தரணி எடுத்து அவன் வாயருகே கொண்டுபோனேன். அவன் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். உத்தரணியைப் பார்த்தான்.

"கடல் தண்ணி இல்லல்ல?" என்றான்.

சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அழுகை வந்துவிட்டது. அவன் அந்த ஒரு வாயைக் குடித்தான். அளவில்லாமல் இன்னும் கொஞ்சம் கேட்டான். கொடுத்தேன்.

இப்போது நான் கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து யார் கையில் ஊற்றினாலும், வீட்டில் அந்தக் கேள்வி வந்துவிடும். ஏகாம்பரத்தைப் பார்த்தே இராத என் மருமகள்கூட, கையை நீட்டிக்கொண்டே, "மாமா, கடல் தண்ணி இல்லல்ல?" என்கிறாள். நான் இல்லையம்மா என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

சொந்தத்தில் சிலர் இதைக் கல்யாண வீடுகளில் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். மீன் இரண்டும் தீர்த்தம் பட்டு மோட்சம் போனதாம், கூடத்தில் வெளிச்சம் தெரிந்ததாம். அப்படி ஒன்றும் இல்லை. புளித்த வாடைதான் வந்தது. படிக்கிற நீங்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், மீன் வளர்க்கிறவர்களுக்கும், வீட்டில் நோயாளி இருக்கிறவர்களுக்கும். சொல்லும்போது எதையும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். ஏழு வாரத்தை எனக்காக இரண்டு வாரம் ஆக்காதீர்கள். கேழ்வரகு மாவை விட்டுவிடாதீர்கள். கடைசியில் அவன் கேட்டதை அவன் கேட்ட மாதிரியே சொல்லுங்கள். கேட்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அவனும் சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.