நகலகத்து நாயகன் வாய்மூடிப் போர் புரிந்த படலம்

வாழ்க, ஒளி பாய்ச்சி ஒன்றைப் பலவாக்கும் வித்தகன்! வாழ்க, மை படிந்த விரலோன், காகிதக் கட்டுகளின் காவலன், மின்சாரம் போனாலொழிய ஓய்வறியாத மாவீரன், கடைத்தெரு முக்கில் ஜெராக்ஸ் கடை நடத்தும் நம் நாயகன்! சொல்லின் தெய்வமே, இக்கதை சொல்லும் நாவில் வந்து அமர்வாயாக. அமர இடமில்லையேல் நின்றுகொண்டாவது துணை செய்வாயாக. ஏனெனில் இங்கே பாடப்படுவது, சொந்த ஸ்கூட்டரைச் சொந்தம் என்று சொல்லாமலிருக்க ஒரு மனிதன் தொடுத்த மாபெரும் போர்.

போருக்குக் காரணம் ஒரு சாவி. மனையாள் ஏறிச் செல்லும் நீலப் புரவியாம் ஸ்கூட்டரை ஒருநாள் மருந்துக்கடை வாசலில் நிறுத்திய நாயகன், சாவியை அதிலேயே விட்டுவிட்டு உள்ளே போனான். இருமல் மருந்தோடு திரும்பியபோது புரவியும் இல்லை, சாவியும் இல்லை. போலீசில் புகார் கொடுத்தவன் சாவியைப் பற்றி மூச்சு விடவில்லை. மனைவியிடமும் விடவில்லை. அன்றுமுதல், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அந்த மாதரசி, இருட்டோடு எழுந்து, இரண்டு பஸ் மாறி, மீதித் தூரம் நடந்தே வேலைக்குப் போய்வந்தாள்.

அப்படியிருக்க, "வண்டி கிடைச்சிருக்கு, வந்து பார்த்துச் சொல்லுங்க" என்று காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. வேறு எவராயிருந்தாலும் மகிழ்ந்திருப்பர். நாயகனோ காற்றில் அகப்பட்ட காகிதமென நடுங்கினான். காரணம், அவன் சட்டம் படித்தவன்.

படித்த விதம் கேளீர். சட்டக் கல்லூரி மாணவர்கள் குற்றவியல் பாடங்களை நகலெடுக்க அவன் கடைக்குத்தான் வருவர். கரும்புத் தோட்டத்தில் புகுந்த யானைபோல நகல் இயந்திரம் அவ்வப்போது காகிதத்தை மென்று, ஒரு பக்கம் மட்டும் அச்சாக்கி, மறுபக்கத்தை வெள்ளையாகவே துப்பிவிடும். அந்த வீணான தாள்களை எறிய மனமில்லாமல், கூட்டமில்லாத வேளைகளில் எடுத்துப் படித்துப் படித்து, சட்டப் பெருங்கடலின் ஒரு கரையை மட்டும் அவன் முற்றாகக் கண்டிருந்தான். குற்றத்துக்கு வழி செய்து கொடுப்பவனும் குற்றவாளியே என்றது ஒரு தாள்; எந்த எண்ணத்தோடு செய்தால் என்பது அச்சாகாத பக்கத்தில் நின்றுபோயிற்று. போலீஸ் கேட்டால் வாய் திறக்காதிருக்க உரிமை உண்டு என்றது இன்னொரு தாள். யாருக்கு என்பதும் அப்படியே நின்றுபோயிற்று.

ஆகவே, திருடனுக்குச் சாவி தந்த உடந்தையாளன் தானே என்றும், மௌனமே தன் கவசம் என்றும் தெளிந்து, எதிலும் கையெழுத்திடுவதில்லை என்ற கடும் விரதம் பூண்டு, பழக்கதோஷத்தால் சட்டைப்பையில் பேனாவையும் செருகிக்கொண்டு, அரை நாள் லீவு போட்டு வந்த மனைவியோடு நாயகன் போர்க்களம் புகுந்தான்.

களத்தில் ஒரு மின்விசிறி கழுத்தை ஆட்டி ஆட்டிச் சுழன்றது. ஒரு கால் குட்டையான பெஞ்சு அவன் அமர்ந்ததும் முனகியது. சன்னலுக்கு வெளியே, பிடிபட்ட வண்டிகளின் நடுவே, கண்ணாடி ஒன்றை இழந்து நின்றது நீலப் புரவி.

"அங்க பாருங்க, நம்ம வண்டி" என்றாள் மனைவி. நாயகன் பார்க்கவில்லை. பார்ப்பதும் ஒப்புக்கொள்வதாகிவிடும் அல்லவா.

கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தியிருந்த வயதான காவலர் நிமிர்ந்தார். "வண்டி உங்க பேர்லதான் இருக்கு. அதனால நீங்கதான் சொல்லணும். அது உங்க வண்டியா சார்?"

இரு மலைகள் மோதி ஒன்றையொன்று விடாது பற்றிக்கொண்டாற்போல நாயகனின் இரு உதடுகளும் இறுகின. காவலர் நீட்டிய தாளைக் கண்டு, படமெடுத்த பாம்பைக் கண்டவனாய்ப் பெஞ்சோடு பின்வாங்கினான்.

"இவருக்குக் காது கேக்காதாம்மா?" என்றார் காவலர்.

"நல்லாக் கேக்கும் சார். வீட்டுல நான் எனக்குள்ளயே முணுமுணுத்தாக்கூட பக்கத்து ரூம்லேர்ந்து பதில் வரும்."

அப்போது எழுந்தான் நாயகன். இடியென முழங்கினான். "காவலரே, கேளும்! எவ்வினாவுக்கும் விடையளியாதிருத்தல் எம் உரிமை. எம் வாய்மொழியே எம்மேல் பாயும் அம்பாக யாம் ஒருபோதும் ஒப்போம். யானை வரினும், சேனை வரினும், இந்நாவினின்று ஒரு சொல்லும் உதிராது!"

"பேச மாட்டேங்கறதையே இவ்வளவு நேரம் பேசறீங்களே சார்" என்றார் காவலர். "அது குத்தம் சாட்டப்பட்டவங்களுக்கு உள்ள உரிமை. நீங்க புகார் குடுத்தவர். சொந்த வண்டியைப் பார்த்து வாயை மூடிக்கிட்ட ஆளை இப்பத்தான் பார்க்கறேன். எனக்கே லேசா சந்தேகம் வருது."

பேச்சுக் கொடுத்து மடக்கி வீழ்த்தும் சூழ்ச்சி இது என்று நாயகன் உள்ளம் எச்சரித்தது. வெளியே ஜீப் உறுமியது.

"இன்ஸ்பெக்டர் கிளம்பறார். அவர் போறதுக்குள்ள சொன்னா, அவர் கையெழுத்து வாங்கி இன்னிக்கே வண்டி. இல்லேன்னா கோர்ட்டுக்குப் போயிடும். அங்க மழையிலயும் வெயில்லயும் நின்னு, நீங்க கேட்டு வாங்கறப்ப வெறும் துருதான் மிஞ்சும்."

மனைவி குனிந்து செருப்பின் வாரைத் தளர்த்தினாள். குதிகாலில் ஒரு பிளாஸ்திரி. அதன் ஓரத்தில் இன்னொன்று.

அவ்வளவுதான். யானைப்படை வந்தாலும் அசையாதிருந்திருக்கக்கூடிய கோட்டை, ஒரு பிளாஸ்திரி பட்டுப் பொலபொலவென உதிர்ந்தது.

"என் வண்டிதான் சார்" என்றான் நாயகன். "சாவியை அதுலயே விட்டுட்டுப் போனதும் நான்தான். உடந்தைன்னு என்னை உள்ள வைங்க, பரவாயில்ல. வண்டியை மட்டும் இவகிட்ட குடுத்துடுங்க."

காவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"திருடறதுக்குன்னு தெரிஞ்சே உதவினாத்தான் சார் உடந்தை. மறதியெல்லாம் குத்தம்னா, உள்ள வைக்க எங்களுக்கே இடம் பத்தாது. இதுக்குச் சட்டத்துல தண்டனை இல்ல. வீட்டுல உண்டான்னு அம்மாவைத்தான் கேக்கணும்."

நாயகன் மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினான்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்தப்ப ஒரு கையில மருந்து இருந்தது, இன்னொரு கை சாவி இல்லாம சும்மா இருந்தது" என்றாள் அவள். "அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். இப்படிப் போலீஸ் முன்னாடி உக்கார வெச்சுச் சொல்வீங்கன்னு நினைக்கல. கையெழுத்தைப் போடுங்க, ஜீப் கிளம்பிடப் போகுது."

விரதம் துறந்தான் நாயகன், பேனா உருவினான், மூன்று தாள்களில், மேகம் பொழிந்தாற்போலக் கையெழுத்துப் பொழிந்தான். சிறைபட்ட புரவி விடுதலை பெற்றது. அதன் முதுகின் தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்து, வாகை சூடிய வேந்தனென ஏறி அமர்ந்து, பின்னே மனையாள் வீற்றிருக்க, திசைகள் அதிர, தெருவெல்லாம் விலகி வழிவிட, வெற்றி உலா புறப்படத் திருவுளம் கொண்டு, காவலர் தந்த சாவியைத் திருகி, பொத்தானை ஓங்கி அழுத்தினான்.

வண்டியில் பெட்ரோல் இல்லாததால் தள்ளிக்கொண்டு போனார்கள்.