ஆத்தாள் கொடுத்த ஆஸ்பத்திரி வாக்கு

இந்த உலகத்தில் யாரையும் வாயை மூடி நிற்கவிடாத ஒரே மனிதர் எங்கள் 'வாயத்தொற' புரொபசர்தான். கல்யாணவீட்டில் போட்டோக்காரர் "சிரிங்க" என்றால், பக்கத்தில் நின்று மாப்பிள்ளையிடம் "இன்னும் கொஞ்சம் தொறங்க" என்பார்.

தெரணியகலைப் பக்கம் ஒரு தேயிலைத்தோட்டத்து லய வரிசைவீட்டில் பிறந்து, கொழும்பில் புற்றுநோய் ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனவர். கட்டியாக வளரும் புற்றுநோயைப் பற்றி ஆய்வுகூடத்தில் கண்டுபிடிப்பதை நோயாளியின் கட்டில்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. அதற்கு 'ட்ரான்ஸ்லேஷனல்' ஆராய்ச்சி என்று பெயராம். லீவுக்கு எங்கள் தோட்டத்திலிருக்கும் அக்கா வீட்டுக்கு வந்தபோது இதை வாய்தவறிச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை வாசலில் சிங்களக் கடிதங்களோடு ஒரு கூட்டம்.

"சேர், பொலிஸ்ல இருந்து வந்திருக்கு. தமிழ்ல சொல்லுங்க."

"நான் அந்த மாதிரி ட்ரான்ஸ்லேஷன் இல்லீங்க."

"பரவாயில்லீங்க சேர், தெரிஞ்ச மாதிரி பண்ணுங்க."

மனிதர் யோசித்தார். வாய்ப்புற்று வரக்கூடிய, வெற்றிலை போட்டுச் சிவந்த அத்தனை வாய்களும் தானாக வந்து நிற்கின்றன. "சரி, வாயத் தொறங்க. பாத்துட்டுப் படிக்கிறேன்." அன்றுமுதல் அதுவே சட்டம். கரண்ட் பில்லுக்கு நாக்கு மட்டும். காணி வழக்கு என்றால் இரண்டு கன்னமும்.

எங்கள் கோயில் பூசாரி முனியாண்டி மட்டும் சிக்கவில்லை. எந்நேரமும் வாயில் புகையிலை. காரம் பட்டால் துடிக்கிறார் என்று அவர் மனைவி புரொபசரின் காதில் போட்டிருந்தார். "எனக்குத்தான் சிங்களம் தெரியுமே, அவரு என்னத்துக்கு?" என்று பூசாரி அவரைக் கண்டாலே தேயிலைக்குள் இறங்கிவிடுவார்.

மாரியம்மன் திருவிழாவில் பூசாரிக்கு அருள் வந்தது. "என்னடா வேணும் உனக்கு?" என்று புரொபசர் முன்னால் வந்து ஆடினார். புரொபசர் போனில் டோர்ச்சைப் போட்டார்.

"தாயே, வாய நல்லாத் தொறங்க. நாக்க இடது பக்கம் தள்ளுங்க."

தப்பு மேளச் சத்தம் நின்றது. ஆத்தாள் நாக்கைத் தள்ளினாள்.

"கன்னத்துல வெள்ளையா ஒண்ணு இருக்குங்க, தாயே. திங்கக்கிழம பெரியாஸ்பத்திரிக்கு வரணும்."

"வர்றேண்டா!" என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஆத்தாள் மலையேறினாள்.

தெளிந்ததும் பூசாரி ஒரேயடியாக மறுத்தார். "நான் எங்க சொன்னேன்?"

"நீங்க சொல்லல, ஆத்தா சொல்லிருச்சு. அது வாக்கு பொய்யாகலாமா?" என்று தோட்டமே சண்டைக்கு வந்தது. திங்கட்கிழமை த்ரீவீலில் நடுவில் உட்காரவைத்து, இருபக்கமும் நாங்கள் அணைகட்டிக் கொண்டுபோனோம்.

சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம். வெட்டி எடுத்தார்கள். சில நாள் கழித்து, எங்கும் பரவவில்லை என்று டாக்டர் வந்து சொன்னபோது எல்லோரும் கும்பிட்டோம். புரொபசரைக் காணோம். கேன்டீனுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சேர், நல்ல சேதிதானே?"

"எங்க லேபுக்கு வர்ற கட்டியெல்லாம் லேட்டா வந்ததுங்க. நான் பாக்குறப்ப பாதிப் பேரு போயிருப்பாங்க. இவரு உள்ள உக்காந்து, கஞ்சிக்கு உப்புப் பத்தலன்னு சண்ட போடுறாரு..."

நான் வார்டுக்குள் போய், இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சண்டை போடும்படி பூசாரியிடம் சொன்னேன்.