மாங்கூழ் மெஷினுக்குப் பல் முளைத்தது

'எனக்குத் தெரியாது' என்று சொல்ல நான் முப்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன். அதுவரை எதைக் கேட்டாலும் தெரியும்தான். (திமிர்னு சொல்லாதீங்க, பயம்.)

தொண்ணூறுகளின் கடைசி. ஓசூரில் மாங்கூழ் எடுக்கும் மெஷின் செய்யும் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலை நிரந்தரமானால்தான் கல்யாணத் தேதி என்று கோவில்பட்டியில் வருங்கால மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கன்னடக்கார மேனேஜர் கூப்பிட்டார்.

"வெப்சைட்டுக்கும், மெஷினோட குடுக்கற பார்ட்ஸ் புக்குக்கும் படம் வேணும்ரீ. எந்த சாஃப்ட்வேர்ல போடறது, நீங்களே முடிவு பண்ணுங்க."

கம்ப்யூட்டர் பிரிவு சரளா அன்றே எச்சரித்தார். "சார், கம்ப்யூட்டரோட சும்மா வர்ற பெயிண்ட் வேணாம். எல்லாம் புள்ளியாத்தான் வைக்கும். ஸ்கிரீன்ல சின்னதா நல்லா இருக்கும், புக்குக்குப் பெருசாக்கினா ஓரமெல்லாம் படிக்கட்டாயிடும். கோட்டைக் கோடாவே வச்சுக்கற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, அதை வாங்கலாம்."

அதன் இலவச சாம்பிளையும் திறந்து பார்த்தேன். ஒரு கோடு இழுப்பதற்குள் வியர்த்துவிட்டது. "படம்னா படம்தானேம்மா," என்று சொல்லிப் பெயிண்டிலேயே போட்டேன். வெப்சைட்டில் எல்லாரும் பாராட்டினார்கள். அதே படங்களைப் பெரிதாக்கிப் புத்தகமும் அச்சாயிற்று. வட்டங்கள் கொஞ்சம் சொரசொரப்பாகத்தான் இருந்தன. அச்சுக்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டு மறந்துபோனேன்.

மாம்பழ சீசன் உச்சத்தில், கிருஷ்ணகிரி கூழ் ஆலை முதலாளி ஒருவர் ஆபீசுக்குள் புயலாக நுழைந்தார். கூடவே உத்தனப்பள்ளி லேத் பட்டறை முனிராஜ். மேஜையில் தொப்பென்று ஒரு சக்கரம் விழுந்தது. பெல்ட் ஓடவேண்டிய வழவழப்பான சக்கரம். சுற்றிலும் பல்!

"பழையது உடைஞ்சுதுன்னு உங்க புக்கைக் குடுத்து இவன்கிட்ட செய்யச் சொன்னேன். மாட்டின உடனே பெல்ட் நார்நாராப் போச்சு. அங்க மாம்பழம் மலையாட்டம் கெடக்குது! எல்லாம் இவன் கெடுத்ததுங்க."

முனிராஜ் புத்தகத்தை விரித்துக் காட்டினார். "டிராயிங்ல பதினெட்டுப் பல்லு இருக்குதுங்க, எண்ணிப் பாருங்க. ரெண்டு நாளு அரம் போட்டு ராவினேன். ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னு இருந்துச்சு. படிச்சவங்க போட்டது, ஏதாச்சும் காரணம் இருக்கும்னு அப்பிடியே பண்ணிட்டேனுங்க."

அவர் கையில் கொப்புளங்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் கல்யாணம் நடக்கும். அந்த மனுஷன் பெயர் கெடும்.

"தப்பு என்னோடது சார். சரளா சொன்னாங்க, நான்தான் கேக்கல," என்று மேனேஜரிடம் சொன்னேன்.

மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சரளா சொன்ன சாஃப்ட்வேர் அந்த வாரமே வந்தது. எனக்கு நிரந்தரக் கடிதம் ஆறு மாதம் தள்ளிப்போனது. கல்யாணமும்தான்.

இன்றும் நான் தோசை வார்த்தால் மகள் உடனே சாப்பிடமாட்டாள். ஓரத்தில் விரல் வைத்து எண்ணுவாள்.

"அம்மா, இன்னைக்குப் பதினேழு பல்லு!"

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வரும். "நல்லா எண்ணுடி. பல்லுக்குப் பத்து நாளுன்னு ஆறு மாசம் உங்கப்பாவுக்காகக் காத்துக் கெடந்தவ நானு!"