வயிறில்லாத மாடு

தாழைநாடு என்றொரு நாடு இருந்தது. அதன் முதல் அரசருக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆகவே அங்கே சட்டத்தை எழுதமாட்டார்கள், அரண்மனைச் சுவரில் வரைவார்கள். மேய்ச்சல் நிலமெல்லாம் அரசருடையது. சுவரில் மாடு எப்படியோ, அரசாங்க வைக்கோல் போரிலிருந்து ஊர் மாடுகளுக்குக் கிடைக்கும் தீனியும் அப்படி.

முப்பது வருடமாக அந்த மாட்டை வரைந்து வந்தவர் மருதவாணர். தம் வீட்டுச் செவலைப் பசுவைப் பார்த்து மயிர் மயிராக வரைவார். ஒருநாள் செங்கோடன் என்ற புது ஓவியன் வந்து ஐந்தே கோட்டில் ஒரு மாட்டை இழுத்துவிட்டான். கொம்பு, முதுகு, கால், அவ்வளவுதான். மன்னர் எழுந்து நின்று கைதட்டினார்.

தமக்காக மன்னர் ஒருநாளும் எழுந்ததில்லை. மருதவாணருக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் அமைச்சர் முழங்கினார்: "புதிய சித்திரத்தில் மாட்டுக்கு வயிறு காணப்படவில்லை. இல்லாத வயிற்றுக்குத் தீவனம் அளப்பது கலைக்குச் செய்யும் துரோகம். இன்றுமுதல் பாதி வைக்கோல்!"

ஊர் மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. மருதவாணர் கண்ணில் அந்த ஐந்து கோடுதான் நின்றது. மூன்றே கோட்டில் மாடு வரைந்து கொண்டுபோனார். வைக்கோல் கால் பங்கானது. செங்கோடன் விடுவானா? இரண்டில் வரைந்தான். அந்தக் கால் பங்கும் ஒரு பிடியானது.

"செவலை எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க. உங்க கையால ஒரு வயித்த வரைஞ்சுட்டு வாங்களேன்" என்று அழுதாள் மனைவி குயிலாத்தாள்.

"அவன் ரெண்டு கோட்டுல நிக்கறான். நான் வயித்த வரைஞ்சா ஊரே சிரிக்கும் புள்ள."

மறுநாள் ஒற்றைக் கோடு இழுத்தார். மன்னர் எழுந்தேவிட்டார்! பொன்னாடை போர்த்தினார்கள். அமைச்சர் வைக்கோல் போருக்கு வேலி போட்டு அடைத்தார்.

பொன்னாடையோடு வீட்டுக்கு வந்தால், செவலை காலை நீட்டிக் கிடந்தது. ஈ மொய்த்தது. மருதவாணர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

அப்போது அரண்மனைச் சேவகன் வந்தான். "குடிகளுக்கு அரிசி அளக்கவும் புதுச் சித்திரம் வேணுமாம். அந்த வேலையைச் செங்கோடனுக்குக் குடுத்துட்டாங்க."

மருதவாணர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை கோட்டுல மனுசன வரையறானாம்?"

"நாலுங்க."

மருதவாணர் திரும்பினார். தன் சோற்றையும் செவலைக்கே வைத்துவிட்ட குயிலாத்தாள் பசிக்களைப்பில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் அசையாம நில்லு புள்ள" என்று கரித்துண்டை எடுத்தார்.