நின்றால் போய்விடும் வலி

மனைவியிடம் வலியைச் சொல்வதில்லை என்று தீர்மானித்தேன். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. சொன்னால் டாக்டரிடம் இழுத்துப்போவாள். டாக்டரின் முதல் கேள்வி சிகரெட்டைப் பற்றித்தான் இருக்கும். அதை நான் எப்போதோ விட்டுவிட்டதாக எங்கள் வீட்டில் ஓர் ஐதீகம்.

போதாக்குறைக்கு, வலித்த இடம் அப்படி. உட்காரும் இடத்தில் பிடித்து, பின்தொடை வழியாகக் கீழே இழுக்கும். நான் படித்த இரண்டு மொழிகளிலும் அந்த இடத்துக்குச் சபையில் சொல்லும்படியான பெயர் கிடையாது.

ஆனால் வலியிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. நடந்தால் வரும், நின்றால் போய்விடும். எனவே மாலையில் அவளோடு நடக்கும்போது, வலி வந்த இடத்தில் எந்தக் கடை இருக்கிறதோ அதை ரசிப்பது என்று திட்டம் போட்டேன்.

“பூட்டுக்கடையில அப்படி என்னங்க இருக்கு?”

“வேலைப்பாட்டைப் பாரு.”

“நேத்து மெத்தைக்கடையிலயும் வேலைப்பாடுதான் பார்த்தீங்க.”

“மனுஷனுக்கு ரசனைன்னு ஒண்ணு வேண்டாமா?”

“கல்யாணமாகி இத்தனை வருஷமா அது எங்க போயிருந்துது?”

பொய்யாக நின்றாலும் கண் சும்மா இருப்பதில்லை. ஒரு பூட்டுக்குள் இவ்வளவு நுணுக்கம் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். வாயைத் திறக்காதவனைக் கொண்டுவந்து பூட்டுகளின் முன்னால் நிறுத்தியது யார் என்றும் யோசித்தேன். அவளும் பக்கத்தில் நிற்பாள். சில நாள் எனக்கு வலி உச்சத்துக்குப் போகும் முன்பே, செருப்பு வாரைச் சரிசெய்ய அவளே நின்றுவிடுவாள். என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வலி வந்த இடத்தில் கடை மூடியிருந்தது.

“ஷட்டர்லயும் வேலைப்பாடா?”

அதில் தொங்கிய பூட்டைக் காட்டினேன்.

“நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்,” என்றாள்.

டாக்டர், நரம்பு என்றார். முதுகை ஸ்கேன் எடுத்தார்கள். பழுதில்லை. “அப்ப எல்லாம் மனப்பிரமைதான்,” என்று எழுந்தேன். அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

“நரம்புன்னா உட்கார்ந்தாலும் இழுக்கும்ல டாக்டர்? இவருக்கு நடந்தாத்தான் வருது. மேடு ஏறினா சீக்கிரமே வருது. நின்னா போயிடுது.”

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரத்தக்குழாயைப் படம் பிடிக்கச் சொன்னார். இடுப்புக்குள்ளே, பின்பக்கத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருந்தது. நரம்பு வலி மாதிரியே வேஷம் போடுமாம்.

“அபூர்வம்தான். மருந்து தர்றேன். தினமும் நடங்க. வலிச்சா நில்லுங்க, போனதும் திரும்ப நடங்க. ஆனா புகை பிடிச்சா காலுக்கே ஆபத்து. பழக்கம் உண்டா?”

உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். நாக்கு கேட்கவில்லை.

“விட்டாச்சு டாக்டர்.”

அவள் பெருமூச்சு விட்டாள்.

“டாக்டர், இவர் பூட்டுக்கடையில நின்னார். மெத்தைக்கடையில நின்னார். மூடின கடை முன்னாடியும் நின்னார். தெருமுனை சிகரெட் கடையை மட்டும் நொண்டிக்கிட்டே ஓடிக் கடப்பார். நின்னா, இவர் கேக்காமலே கடைக்காரர் சிகரெட்டை எடுத்து நீட்டிடுவார்ல?”

டாக்டர் தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“இன்னும் என்னென்ன கவனிச்சீங்க, சொல்லுங்கம்மா.”