கடைசிப்பாட்டுக்காரர் கேட்ட இரண்டு கேள்வி

ஓவேலிப் பக்கம் யானை எதிரே வந்தால்கூட ஓடாமல் நிற்கிறவர்கள் உண்டு. கடைசிப்பாட்டுக்காரர் எதிரே வந்தால் ஓடாத ஆளை நான் பார்த்ததில்லை.

மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், கோயில் நோம்பி, சாவு எல்லாவற்றுக்கும் அவர்தான். மற்ற மைக்செட்காரர்கள் சாவு வீட்டில் ஏதோ ஒரு சோகப் பாட்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் பாடையைத் தூக்கும்போது செத்தவருக்குப் பிடித்த பாட்டைத்தான் போடுவார். செத்தபிறகு கேட்க முடியாது அல்லவா? அதனால் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வார். ரேஷன் கடை, ஜீப் ஸ்டாண்ட், தேயிலைக் கொழுந்து எடை போடும் இடம், எங்கே ஆள் சிக்கினாலும் இரண்டு கேள்வி.

"உங்களுக்குப் புடிச்ச பாட்டு எதுங்க? அது ஏனுங்க புடிக்கும்?"

இரண்டாவதற்குப் பதில் வராவிட்டால் நோட்டில் ஏற்றமாட்டார். "காரணம் தெரியாமப் போட்டா அது வெறும் சத்தமுங்க" என்பார்.

கொழுந்து பறிக்கிற மாரியக்கா போனபோது ஒரு டப்பாங்குத்துப் பாட்டு அலறியது. எல்லோரும் திடுக்கிட்டோம். இவர் மைக்கைப் பிடித்துக் காரணத்தையும் அறிவித்தார். "இந்தப் பாட்டு ரேடியோவுல வந்த அன்னிக்குத்தான் இவங்க ஊட்டுக்காரரு மொதமொதலா சட்டி கழுவுனாராமுங்க."

தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த ஊட்டுக்காரர், "அந்த ஒரு நாளுதானுங்க கழுவுனேன்" என்று கதறினார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தோம்.

போஸ்ட்மாஸ்டரைக் கேட்டார், எட்டாம் நாள் அவர் காலி. டீ ஃபேக்டரி பாய்லர்காரரைக் கேட்டார், அடுத்த மாதம் அவரும் காலி. கேட்கப்பட்டும் சாகாதவர்களை யாரும் எண்ணவில்லை. ஊர் ஓட ஆரம்பித்தது.

ஒரு மழைநாளில் குடையை மடக்கிக்கொண்டு என் ஜெராக்ஸ் கடைக்குள் வந்தார். நான் மேஜைக்கு அடியில் போய்விட்டேன்.

"தம்பி, காலு தெரியுதுங்க."

எழுந்தேன். எனக்கு ஐம்பத்தொரு வயது. தொப்பையோடு மேஜைக்கு அடியிலிருந்து எழுவது சுலபமில்லை. அவர் கேள்வியைப் போட்டார்.

"அண்ணே, என்னையப் பாத்தா அப்படித் தெரியுதுங்களா?"

"எப்படிங்க?"

"போறாப்புல."

"ஏனுங்க தம்பி, பாட்டுதானுங்க கேட்டேன்?"

வாய்க்கு வந்த ஒரு சாமி பாட்டைச் சொன்னேன். ஏன் பிடிக்கும்? "மனசுக்கு அமைதியா இருக்குமுங்க." என் முகத்தில் அமைதி எங்கேயாவது தென்படுகிறதா என்று சற்று நேரம் தேடிவிட்டு, நோட்டில் ஏதோ எழுதினார். பேச்சை மாற்ற நான், "உங்களுக்கு எந்தப் பாட்டுங்கண்ணே?" என்றேன்.

பேனா நின்றது. "என்னைய இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லீங்க தம்பி" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

கால் மணி நேரம் பேசினார். கண் கலங்கியதுகூட ஞாபகம் இருக்கிறது. ஆனால் நான் மேஜை மறைவில் இடது மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றிரண்டு, நூற்றிமூன்று. இடையில் ஒரே ஒரு பேச்சுதான் காதில் விழுந்தது. "ரெண்டாவது சரணத்துக்கு முன்னால அந்தம்மா ஒரு மூச்சு வாங்குவாங்க பாருங்க, அதுக்குத்தானுங்க." மூச்சு என்றதும் என் மூச்சு சரியாக வருகிறதா என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன். அவர் போனதும் கூடலூருக்கு ஜீப் பிடித்து ஈசிஜி எடுத்தேன். வாயு என்றார் டாக்டர்.

ஆடி மழையில் மூன்று நாள் காய்ச்சலில் கடைசிப்பாட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். நான் சாகாததே அன்றைக்கு ஒரு குற்றம் மாதிரி இருந்தது.

அவர் குடியிருந்த தோட்டத்து லயத்து வாசலில் ஊரே குடையோடு நின்றது. அவர் மனைவி சரசக்கா நேராக என்னிடம் வந்தார்.

"உங்ககிட்ட மட்டுந்தானுங்க தம்பி சொல்லியிருக்காரு. 'எம்பாட்டையும் ஒருத்தரு கேட்டுட்டாரு புள்ள'ன்னு அன்னிக்கு ரெண்டு வாட்டி காப்பி வாங்கிக் குடிச்சாரு. என்ன பாட்டுங்க?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா அக்கா?"

"நானும் கேட்டதில்லீங்களே."

குடைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. மூச்சு வாங்குகிற இடத்தைச் சொன்னேன். பாட்டு மட்டும் மறந்துவிட்டது என்றேன். நாடி எண்ணிய கதையைச் சொல்லவில்லை.

பிஸ்கட் டப்பா நிறைய பென் டிரைவ் இருந்தது. தார்ப்பாய்க்கு அடியில் ஆம்ப்ளிஃபயரை வைத்து ஒவ்வொரு பாட்டாகப் போட்டோம். மழையில் ஊரே தலையைச் சாய்த்து ஒரு மூச்சைத் தேடியது. "இதா, இதா!" என்பார் ஒருவர். "அது ஸ்பீக்கர் எரைச்சலுங்க" என்பார் இன்னொருவர். மாரியக்கா ஊட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "எந்தம்மா பாடுனாலும் மூச்சு வாங்கத்தானுங்க செய்யும்? வாங்கலீன்னா செத்துருவாங்கள்ல?" என்றவர், பாடையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மூன்றரைக்கு ஃபாரஸ்ட் வாட்ச்சர் வந்தார். சுடுகாட்டு வழிக்கு யானை இறங்குகிறதாம், உடனே எடுக்கச் சொன்னார். தூக்கினார்கள். அப்போது ஓடிக்கொண்டிருந்த பாட்டை நான் முன்பின் கேட்டதே இல்லை. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அதிலும் ஒரு அம்மா மூச்சு வாங்கினார். சரசக்கா என்னைப் பார்த்தார்.

"இதுங்களா தம்பி?"

"இதேதானுங்கக்கா."

அண்ணன் பாட்டைப் பற்றி நான் சொன்ன இரண்டாவது பொய். அக்கா அதுவரை அடக்கி வைத்திருந்ததை அழுது தீர்த்தார்.

போன வாரம் சரசக்காவே அந்த நோட்டைக் கொண்டுவந்தார். "ஈரத்துல ஊறிப் போச்சுங்க தம்பி, கிழியறதுக்குள்ள ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க." பக்கம் பக்கமாக ஊர் முழுக்க இருந்தது, செத்தவர்களும் சாகப்போகிறவர்களும். எழுதியவர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. என் பெயருக்கு நேரே அந்தச் சாமி பாட்டை எழுதி அடித்துவிட்டு, கீழே எழுதியிருந்தார்: "பொய் சொல்றாரு. பயந்திருக்காரு, பாவம். இன்னொருக்கா கேக்கணும்."

எனக்கு நிஜமாகவே ஒரு பாட்டு உண்டு. அப்பா சவரம் செய்யும்போது முணுமுணுப்பது. கத்தி மேலுதட்டுக்கு வந்ததும் பாட்டு பாதியில் நிற்கும், அவர் உதட்டை உள்ளே மடித்துக்கொள்வார். இன்றைக்கும் அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும், அந்த இடம் வந்ததும் என் உதடு தானாக மடிகிறது.

கடை வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டால் இப்போதெல்லாம் என் தலை மேஜைக்கு மேலேதான் இருக்கிறது. இன்னொருக்கா கேளுங்கண்ணே. இந்தத் தடவை நாடி பார்க்கமாட்டேன்.